ஆற்காட்டுக் கடன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிலருக்கு லாபம், மற்ற எல்லோருக்கும் செலவு என்றிருக்கும் திட்டங்கள், தேர்தல் நடக்கும் நாடுகளிலும் எப்படி நிறைவேறுகின்றன? மக்களுக்கு விவரம் தெரியாததுதான் காரணம் என்று நண்பர்களிடம் வாதிட்டேன். சரிதானா?

கே.

அன்புள்ள கே.,

பாதிதான் சரி. விவரம் நன்றாகத் தெரிந்தே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், நம்மூர்க் கதைதான்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளிடமே பெரும் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாகக் காட்டியது, தன் சீமையின் நிலவரியை. அதிகாரிகளுக்குச் சம்பளத்தைவிட இந்த வட்டியில்தான் வரும்படி. அந்தப் பணத்தோடு ஊர் திரும்பியவர்களில் சிலர் பிரிட்டிஷ் பார்லிமென்டில் இடம் பிடித்தார்கள். அன்று அது விலைக்குக் கிடைத்தது. ஓல்டு சாரம் தொகுதியில் ஒரு டஜன் வாக்காளர்கூட இல்லை, ஆனால் இரண்டு எம்.பி.க்கள்! (சென்னைக் கவர்னராக இருந்த தாமஸ் பிட் வாங்கிப் போட்ட இடம் அது. இந்தக் கதை நடக்கும்போது பிரதமராக இருந்த இளைய பிட், அவருடைய கொள்ளுப்பேரன்.) பெரிய ஊரான மான்செஸ்டருக்கு ஒரு எம்.பி.கூட இல்லை.

1784 தேர்தலில் பிட் ஜெயித்தார். கம்பெனியைக் கண்காணிக்க அவர் அமைத்த வாரியம் செய்த முதல் வேலைகளில் ஒன்று, நவாபின் கடன்களை விசாரிக்காமலே ஏற்றுக்கொண்டது. விசாரிக்கலாம் என்ற கம்பெனி இயக்குநர்களின் பேச்சு எடுபடவில்லை. ஆற்காட்டுச் சீமை வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் (அன்றைய தங்க நாணயம்) இதற்கென்று ஒதுக்கப்பட்டது.

1785 பிப்ரவரியில் எதிர்க்கட்சி எம்.பி. எட்மண்ட் பர்க் எல்லாவற்றையும் சபையில் போட்டு உடைத்தார். கடன் கொடுத்தவர்களில் ஒருவரான பால் பென்ஃபீல்டு மட்டும், தன்னையும் சேர்த்து 8 எம்.பி.க்களை முந்தைய பார்லிமென்டுக்கு அனுப்பியிருந்தார் என்றார். பேச்சு அச்சிலும் வந்தது. ஆனாலும் கடன் பற்றிய ஆவணங்களைக் கேட்ட தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது.

ஆக, லண்டனில் யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. அப்படிப்பட்ட எட்டுப் பேர் முகம் சுளித்தால் மந்திரிசபைக்கு எட்டு ஓட்டு போகும். வட்டியைக் கடைசியில் கட்டிய ஆற்காட்டு உழவர் பட்டினி கிடந்தாலும் ஒரு ஓட்டுகூடப் போகாது. வாங்கிய கடனில் ஒரு காசு அவர் கண்ணில் பட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் 1801-ல் சீமை கம்பெனி கைக்குப் போனது. எஞ்சிய கடன்களை ஆராய 1805-ல் ஆணையம் அமைத்தார்கள். வந்த கோரிக்கைகளில் பெரும்பகுதி செல்லாது என்று தள்ளுபடியானது. இந்தத் தடவை அக்கறையாக விசாரித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. வருவாய் இப்போது கம்பெனியுடையது, கம்பெனிக்குப் பார்லிமென்டில் ஆள் இருந்தது.