அழுவதால் நோய் வளராது

கேள்வி: கோத்தகிரியில் தேயிலை பறிக்கும் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். தொடக்க நிலையிலேயே அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கோவையில் கீமோ நடக்கிறது. இயல்பிலேயே பயந்த சுபாவம் உள்ளவர், அடிக்கடி அழுகிறார். “தைரியமாக இருந்தால்தான் பிழைப்பாய், அழுதால் நோய் கூடும்” என்கிறார்கள் உறவினர்கள். அது உண்மையா?

பதில்: உண்மையில்லை. இதை உங்கள் அக்காவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே நோயைச் சுமப்பவர்மீது, அது குணமாகாவிட்டால் தன் மனம்தான் காரணம் என்ற பழியையும் ஏற்றுவது பெரும் அநீதி.

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஏறத்தாழ 60 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வு, எளிதில் கலங்கும் சுபாவம் புற்றுநோய் வருவதற்கோ, வந்தபின் ஆயுள் குறைவதற்கோ நேரடிக் காரணம் என்ற கருத்தை ஆதரிக்கவில்லை. பிரிட்டனில் தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் கண்ட 578 பெண்களை ஐந்தாண்டுகள் கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்விலும், போராடும் மனப்பான்மை உள்ளவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில், கடுமையான மனச்சோர்வும் ‘இனி எதுவும் இல்லை’ என்ற கையறு நிலையும் கொண்டிருந்த பெண்களின் நிலை ஓரளவு மோசமாகவே இருந்தது. ஆகவே அழுகை வேறு, மனச்சோர்வு வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் உணவும் குறைந்து, “இனி மலையிறங்கி வரமாட்டேன்” என்று கீமோவையே மறுக்கத் தொடங்கினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வு உள்ளவர்கள் சிகிச்சையைப் பாதியில் விடும் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் வந்தால்கூட வாய்திறந்து சொல்லாமல் இருந்துவிடுவார்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், விடியட்டும், மேட்டுப்பாளையம் பேருந்தைப் பிடிக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. சிகிச்சை தரும் மருத்துவரை அழைத்துவிட்டு, அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். தைரியம் சொல்ல வரும் உறவினர்களிடம் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்து, கோவைக்குத் துணையாகப் போய்வரச் சொல்லுங்கள். அதுவே உண்மையான உதவி.

மனச்சோர்வு என்று ஐயம் எழுந்தால் புற்றுநோய் மருத்துவரிடமே முதலில் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். மனநல மருந்து எழுதுபவரிடம் புற்றுநோய் மருந்துச் சீட்டுகளைக் கட்டாயம் காட்டுங்கள்; பின்னாளில் டாமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை தரப்பட்டால், பராக்ஸெடின், ஃப்ளூக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அதன் செயலைக் குறைக்கக்கூடும் என்பதால், வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.