கம்பெனி வெளிநாட்டில் இருந்தாலும் வழக்கைத் திருப்பூரில் போடலாம்

கேள்வி: வீட்டிலேயே எம்பிராய்டரி போட்டுப் பிழைக்கிறேன். வெளிநாட்டு கம்பெனியின் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினை கோவை டீலரிடம் நாலு லட்சத்துக்கு வாங்கினேன். ஓராண்டு வாரண்டி. ஐந்தாம் மாதமே போர்டு போய்விட்டது. இரண்டு முறை மாற்றியும் சரியாகவில்லை. கேட்டால், "கம்பெனி வெளிநாட்டுல இருக்குதுங்க, நாங்க என்ன பண்றதுங்க" என்கிறார் டீலர். தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று வாரண்டி தாளில் இருக்கிறது. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: சிங்கப்பூர் என்ற வரியைப் பார்த்து மலைக்காதீர்கள். தகராறை கோர்ட்டுக்குப் பதிலாக நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை பறிபோகாது என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கோவைக்குக்கூட அலைய வேண்டியதில்லை, திருப்பூர் மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது.

டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்தரப்பாகக் காட்டுங்கள். இந்தியாவில் அதற்குக் கிளையோ இறக்குமதியாளரோ இருந்தால் அவர்களையும் விடாதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு பில் போட்டுக் கொடுத்தவர், கம்பெனி தூரத்தில் இருக்கிறது என்று சொல்லி நழுவ முடியாது.

உங்களுக்கு உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில் வரும். "இது வியாபாரத்துக்கு வாங்கிய மெஷின், இவர் நுகர்வோரே இல்லை" என்றுதான் எதிர்தரப்பு முதலில் வாதாடும். இந்தக் கேள்விக்கு விளக்கம் தந்த முக்கியத் தீர்ப்பே நம் கோவையோடு தொடர்புடையது: லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், 1995. அதில் மெஷின் வாங்கியவர் தோற்றார். ஆனால் உச்ச நீதிமன்றம் அங்கே வகுத்த கோடு உங்களுக்குச் சாதகமானது. சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கி, தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். ஒத்தாசைக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. ஆள் வைத்து முழுக்க அவர்களையே ஓட்டவிட்டால்தான் போகும்.

ஆகவே மனுவிலும் பிரமாண வாக்குமூலத்திலும், "என் பிழைப்புக்காக, சுயதொழிலாக, நானே ஓட்டுகிறேன்" என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இந்த ஒரு வரி விட்டுப்போனதால் நல்ல வழக்குகள் வாசலிலேயே நின்றுபோவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உங்கள் பெயரில் இல்லாமல் உங்கள் தொழிலின் பெயரில் பில் இருந்தால் இதைச் சொல்வது இன்னும் அவசியம்.

வெளி மெக்கானிக்கைக் கூப்பிட்டு போர்டைப் பிரிக்க விடாதீர்கள். குறை எதில் என்று பார்க்க ஆணையம் பரிசோதனைக்கு அனுப்பலாம். அதற்குள் கை வைத்தால், "வெளி ஆள் கெடுத்தது" என்பார்கள். சர்வீஸ் ஆள் வந்துபோன தாள், வாட்ஸ்அப் பேச்சு, மாற்றிய போர்டின் விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மெஷினை டீலரே எடுத்துப்போவதாக இருந்தால் எழுத்தில் ரசீது வாங்காமல் அனுப்பாதீர்கள்.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிப் பார்க்கலாம், சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வருகின்றன. அங்கே புகார் கொடுத்ததால் வழக்குக்கான காலக்கெடு நிற்காது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான். பழுதைச் சரிசெய்யவோ, புது மெஷின் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ கேளுங்கள்; வேலை நின்ற நாட்களுக்கான நஷ்ட ஈட்டையும் தனியாகக் கேளுங்கள். அந்த நாட்களில் கைவிட்டுப்போன ஆர்டர்களின் சீட்டுகள் இருந்தால் மனுவோடு இணையுங்கள்.