1 ஆம்பியர் ரெகுலேட்டர் 7805, 600 மில்லிஆம்பியரிலேயே ஏன் அணைகிறது? அதன் உண்மையான திறனை எப்படிக் கணிப்பது?

12 வோல்ட் டிசி அடாப்டர், 5 வோல்ட் அவுட்புட், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லை, சில நிமிடங்களில் அணைந்து பிறகு தானே உயிர் பெறுகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். வோல்டேஜை 5-இல் நிலையாக வைக்கும் இந்த 7805 ஐசி பழுதாகவில்லை. சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

டேட்டாஷீட்டின் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) முதல் பக்கத்தில் உள்ள 1 ஆம்பியர், உள்ளே உருவாகும் சூட்டை நீங்கள் வெளியேற்றிவிடுவீர்கள் என்ற நிபந்தனையோடு தரப்படுவது. எனவே ஆம்பியரை விட்டுவிட்டு முதலில் வாட்டைப் பாருங்கள். (இன்புட் வோல்டேஜ் – அவுட்புட் வோல்டேஜ்) × கரன்ட். உங்களுக்கு 7 × 0.6 = 4.2 வாட்.

7805 வரும் டிஓ-220 பேக்கேஜ் (ஐசியின் வெளிக்கூடு) ஹீட் சிங்க் இல்லாமல் வெறும் காற்றில் ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 65 டிகிரி ஏறும். சுற்றுப்புறம் 40, உள்ளே இருக்கும் சில்லுக்கு வரம்பு 125 என்று வைத்தால் மிச்சம் 85 டிகிரி. 85 ÷ 65 = 1.3 வாட். அதை 7 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 185 மில்லிஆம்பியர். உங்கள் சர்க்யூட்டில் இந்த ஐசியின் திறன் இவ்வளவுதான். சிறிய 78எல்05 இன்னும் மோசம்: வாட்டுக்குச் சுமார் 200 டிகிரி என்பதால், அதே 12 வோல்ட்டில் 60 மில்லிஆம்பியர்தான் உச்சம்.

ஹீட் சிங்க்கை இதே கணக்கைத் திருப்பிப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். 85 ÷ 4.2 = வாட்டுக்குச் சுமார் 20 டிகிரி. இதில் சில்லிலிருந்து உலோக முதுகு வரை 5, பேஸ்ட் பூசிய இணைப்புக்கு 1 போக, வாட்டுக்கு 14 டிகிரிக்குக் கீழே உள்ள ஹீட் சிங்க் வேண்டும். மூடிய பெட்டிக்குள் காற்றே 55, 60 டிகிரிக்குப் போய்விடும். அங்கே வாட்டுக்கு 10 டிகிரி அளவில் எடுங்கள். 7805-ன் முதுகு கிரவுண்ட். எல்எம்317, ஏஎம்எஸ்1117 என்ற வேறு ரெகுலேட்டர்கள் இரண்டிலும் அது அவுட்புட். இதை மறந்து ஹீட் சிங்க்கைக் கிரவுண்டில் உள்ள சேஸிஸில் (உலோகப் பெட்டியில்) முடுக்கினால் நேராக ஷார்ட்.

கணக்கைச் சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். அவுட்புட்டில் 8.2 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரைப் போட்டால் சுமார் 0.61 ஆம்பியர் ஓடும். அரை மணி நேரம் விடுங்கள். மல்டிமீட்டர் முனைகளை ஐசியின் கால்களிலேயே வையுங்கள். ஒயரின் மறுமுனையில் அளந்தால் ஒயரில் இழந்த வோல்டேஜும் சேர்ந்து ஐசியின் மேல் பழி விழும். தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் ஒயர் முனை) முதுகில் ஒட்டி அளந்து, வந்த அளவோடு வாட்டுக்கு 5 டிகிரி கூட்டினால் சில்லின் சூடு கிடைக்கும். முதுகு 100 டிகிரியைத் தொட்டாலே உங்களுக்கு எல்லை வந்துவிட்டது.

அவுட்புட் சரிந்தும் ஐசி சூடாகவில்லை என்றால் இன்புட்டைச் சந்தேகியுங்கள். 7805-க்கு எந்த நொடியிலும் 7 வோல்ட்டுக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரும் பிரிட்ஜும் உள்ள சப்ளையில் ஃபில்டர் கெப்பாசிட்டர் சிறியதாக இருந்தால், மீட்டர் 9 வோல்ட் சராசரியைக் காட்டும்போதே பள்ளங்கள் 6-க்கு இறங்கியிருக்கும். அதை ஆசிலோஸ்கோப்பில்தான் பார்க்க முடியும். இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் கால்களை ஒட்டி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஐசி ஆசிலேட் ஆகி (அவுட்புட் தானே வேகமாக ஏறி இறங்கி), லோடு குறைவாக இருக்கும்போதும் சூடாகலாம்.

உங்கள் சர்க்யூட்டுக்கு என் தேர்வு, ஹீட் சிங்க்குக்கு முன் அடாப்டரை மாற்றுவது. ரெகுலேட்டட் 9 வோல்ட் அடாப்டர் போட்டால் 4.2 வாட் 2.4 ஆகிவிடும்; அதற்குச் சின்ன ஹீட் சிங்க் போதும். 12 வோல்ட்டை மாற்ற முடியாது என்றால் 7805-ஐ எடுத்துவிட்டு பக் கன்வர்ட்டர் (வேகமாக ஸ்விட்ச் செய்து, அதிகம் சூடாகாமல் வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) போடுங்கள்.