பைண்ட் செய்து வைத்த மாயக்கதைத் தொடர், தொட்டாலே உடைகிறது: எப்படித் திரும்ப வாசிப்பது?

சின்ன வயதில் மாத இதழ்களில் இருந்து கழற்றிக் கட்டிய மந்திரவாதிக் கதைத் தொகுதி இப்போது தொட்டாலே உடைகிறது, எப்படி வாசிப்பது என்று கேட்கிறீர்கள். விரிக்க முதல் முதுகைப் பாருங்கள். உதிரித் தாள்களை பைண்டர்மார் ஓரத்தில் துளை போட்டுப் பக்கவாட்டில்தான் தைப்பார்கள். உள் விளிம்பில் ஒரு சென்ரிமீற்றர் தையலுக்குள் போய்விடும். தாள் புதிதாக இருந்தவரை வளைந்து கொடுத்திருக்கும். மலிவான தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமல் இருப்பதால் வருடக்கணக்கில் அமிலமேறி நார் நைந்துவிடும். இப்போது அது வளையாது, தையல் கோட்டோடு ஒடியும்.

எழுத்தில்லாத மூலையொன்றைச் சிறிதாக முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மடிப்பில் கையோடு வந்தால் தையலைப் பிரிப்பதே நல்லது. தாங்கினால், இரண்டு மட்டைக்கும் கீழே சுருட்டிய துவாய் வைத்து, ‘ட’ எழுத்தின் கோணத்துக்கு மேல் விரிக்காமல் வாசிக்கலாம்.

பிரிக்கும்போது பலர் விடும் பிழை ஒன்று உண்டு. தொடரின் பக்க எண்கள் ஓடிவரா: ஒரு மாதம் 17 முதல் 22, அடுத்த மாதம் 9 முதல் 14. தாள் கலைந்தால் எண்ணை வைத்து அடுக்கவே முடியாது. நூலை வெட்ட முதல் 2பி பென்சிலால் கீழ் மூலையில் 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். பிறகு ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படமெடுத்து, வாசிப்பைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வரைந்த ஓவியங்களைப் பார்க்க மட்டும் அசலை எடுத்தால் போதும்.

கிழிசலுக்கு செலோரேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகும், பிறகு உரிக்கவும் முடியாது. ஒரு தேக்கரண்டி கோர்ன் பிளவரை ஐந்து தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மெல்லிய சூட்டில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி ஆறவிடுங்கள். இந்தப் பசையால் கிழிசலின் மேல் ஒட்ட, பட்டம் ஒட்டும் மெல்லிய ரிசுத் தாள் அரை சென்ரிமீற்றர் அகலத்தில் போதும். வெள்ளை மட்டும், நிறத் தாளின் சாயம் ஈரத்தில் கசியும். கத்தரிக்காமல் கையால் கிழித்தால் விளிம்பு நார் பிடித்துக்கொள்ளும். பசை மெல்லிசாக இருக்கட்டும், கூடினால் தாள் சுருளும். கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத பேக்கிங் தாளுக்கிடையில் வைத்துப் பாரமேற்றி ஒரு இரவு விடுங்கள். பசை இரண்டு நாளில் புளித்துவிடும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி ஓடினால், காற்றுப் புகாத பையில் கட்டி டீப் ஃபிரீசரில் இரண்டு கிழமை. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் தாளில் பனி நீர் படியும். மாரி முடிந்ததும் புத்தகங்களை முற்றத்து வெயிலில் பரப்பும் பழக்கம் எங்களிடம் உண்டு. பழுப்பை விரைவாக்குவதே அதுதான். விறாந்தை நிழலும் ஃபானும் போதும்.

‘தொடரும்’ என்று முடிந்து அடுத்த அத்தியாயம் இல்லையா? ஈழத்து இதழ் என்றால், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமாக்கி வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் (noolaham.org) இதழின் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். கதையின் பெயரைப் போட்டால் பெரும்பாலும் அகப்படாது.