வான்கோவின் தம்பி மனைவி

கேள்வி: டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தில் காட்டப்படுவது இரவுதானா?

பதில்: பகல். மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்துப்போனதால் வந்த பெயர் அது. எனக்கு ஆறாத வருத்தம் வேறு: 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்கு மாற்றியபோது சுவரில் பொருந்தவில்லை என்று ஓவியத்தின் ஓரங்களை வெட்டிவிட்டார்கள். இடப்பக்கம் நின்ற இரண்டு காவலர்கள் அதோடு போனார்கள்.

கேள்வி: வான்கோ உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு ஓவியம்தான் விற்றதாமே? அப்புறம் எப்படி இவ்வளவு புகழ்?

பதில்: அந்த 'ஒன்று' 1890-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அன்னா போக் என்ற பெல்ஜிய ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கிய 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்'. ஆனால் அதற்கு முன்பே சித்தப்பா ஒருவர் ஹேக் நகரக் காட்சிகளை வரையச் சொல்லி, காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

சரி, புகழுக்கு வருவோம். அதற்குக் காரணம் தம்பி தியோவின் மனைவி ஜோ. 1890 ஜூலையில் வின்சென்ட் வான்கோ இறந்தார். ஆறே மாதத்தில் தியோவும் போய்விட்டார். ஜோவுக்கு அப்போது 28 வயது, கையில் ஒரு வயதுக் குழந்தை, வீடு நிறைய யாரும் வாங்காத ஓவியங்கள். நெதர்லாந்தின் பஸ்ஸம் ஊரில் ஒரு தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார். ஓவியங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1905-இல் ஆம்ஸ்டர்டாமில் 400-க்கும் மேற்பட்ட படைப்புகளோடு பெரிய கண்காட்சி வைத்தார்.

வின்சென்ட் தம்பிக்கு எழுதிய கடிதங்களை 1914-இல்தான் அச்சுக்குக் கொடுத்தார். அந்தத் தொகுப்பை முதலில் எடுத்தபோது, ஜோ எழுதிய முன்னுரையைத் தாண்டி நேராகக் கடிதங்களுக்கு ஓடியவன் நான். ஆண்டுகள் கழித்து முன்னுரையைப் படித்தபோதுதான் தாமதத்தின் காரணம் புரிந்தது. ஓவியங்களுக்கு உரிய மதிப்பு வருமுன் மனிதரைப் பற்றிய ஆர்வத்தைக் கிளப்புவது வின்சென்டுக்குச் செய்யும் அநியாயம் என்று அவர் நினைத்திருக்கிறார். பிழைப்புக்கே சிரமப்பட்ட ஒரு பெண் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படிக் காத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

1924-இல் லண்டன் தேசியக் காட்சியகம் 'சூரியகாந்திகள்' ஓவியத்தைக் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார். முப்பது ஆண்டுகளாகத் தினமும் பார்த்த படம் ஆயிற்றே. கடைசியில் வின்சென்டின் பெருமைக்காக மனதைத் தேற்றிக்கொண்டு கொடுத்தார். மறு ஆண்டு இறந்தார். ஜோவின் மகன் பிறந்ததற்காக வின்சென்ட் வரைந்த 'வாதுமைப் பூக்கள்' கடைசிவரை குடும்பத்திலேயே இருந்தது.