வாசகர் கேள்வி–பதில்: புரோட்டீன் பார் காலை உணவாகுமா?

கேள்வி: நானும் என் கணவரும் காலையில் சீக்கிரமே வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகன், பள்ளிப் பேருந்தில் ஏறும்போது ஒரு புரோட்டீன் பார் மட்டும் எடுத்துச் செல்கிறான். உறையில் ‘உயர் புரதம்’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, இதுவே காலை உணவுக்குப் போதும் என்கிறான். போதுமா?
– ஒரு வாசகி, மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: போதாது, அம்மா. அந்த ‘உயர் புரதம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் வெளியிட்ட விளம்பர விதிகளின்படி, ஒரு திட உணவின் 100 கிராமில், ஒருவரின் அன்றாடப் புரதத் தேவையில் 20 விழுக்காடு இருந்தால் அதை உயர் புரத உணவு என்று சொல்லிக்கொள்ளலாம். வளர்ந்த ஆணின் தேவை சுமார் 54 கிராம் என்பதால், 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 கிராம் புரதம் இருந்தாலே அந்தத் தகுதி கிடைத்துவிடுகிறது. ஆனால் உங்கள் மகன் சாப்பிடுவது 100 கிராம் அன்று. இத்தகைய பார்கள் பெரும்பாலும் 30 முதல் 60 கிராம் எடைக்குள் இருக்கின்றன. தகுதியின் விளிம்பில் நிற்கும் ஒரு பாரில் 40 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது நாலரைக் கிராமுக்கும் குறைவு. ஒரு கோழிமுட்டையில் இருப்பதைவிட இது சிறியது. எல்லா பார்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒன்றிலேயே 10 கிராம், 20 கிராம் புரதம் உள்ளவையும் கடைகளில் உண்டு. எது எந்த வகை என்பதை உறையின் முன்பக்கச் சொல் காட்டிக்கொடுக்காது என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

ஆகவே பின்பக்கத்து ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள். அதில் 100 கிராமுக்கான எண்கள் இருந்தால், முதலில் பாரின் எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குக்காக ஒரு 40 கிராம் பாரை வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 25 கிராம், சேர்த்த சர்க்கரை 30 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 10 கிராம், ஆற்றல் 450 கிலோகலோரி என்று இருந்தால், மகனின் வயிற்றுக்குள் போவது 10 கிராம் புரதம், 12 கிராம் சர்க்கரை, 4 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 180 கிலோகலோரி. புரதம் நல்ல அளவுதான். ஆனால் அதைவிடச் சர்க்கரை அதிகம். நாள் ஒன்றுக்கு 2,800 கிலோகலோரியை ஒட்டிய ஆற்றலும் சுமார் 45 கிராம் புரதமும் தேவைப்படும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு, 180 கிலோகலோரி என்பது நடுவில் கொறிக்கும் தின்பண்டத்தின் அளவே அன்றி ஒரு வேளை உணவின் அளவு அன்று. இரண்டாவது பாடவேளையிலேயே பசித்துவிடும்.

அதே அட்டவணையில் அன்றாடத் தேவையின் விழுக்காடு என்று ஒரு பத்தி இருக்கும். அது 2,000 கிலோகலோரி உண்ணும் வளர்ந்தவருக்காகப் போட்ட கணக்கு, குழந்தைகளுக்கானது அன்று. சேர்த்த சர்க்கரைக்கு அதில் எடுத்துக்கொள்ளும் அளவும் நாளைக்கு 50 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த வழிகாட்டுதல், மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் குறைத்துக்கொள்வது மேலும் நல்லது என்றும் சொல்கிறது. மேற்சொன்ன 12 கிராம் அட்டவணையில் 24 விழுக்காடாகத் தெரியும். இந்த இரண்டாவது அளவின்படி பார்த்தால் நாள் முழுவதற்குமான பங்கில் கிட்டத்தட்டப் பாதி, காலை எட்டு மணிக்குள்ளேயே முடிந்துவிட்டது.

அடுத்து, சேர்பொருள் பட்டியல். அதில் எடை மிகுந்த பொருள் முதலில் வரவேண்டும் என்பது விதி. ஆனால் சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், தேன், வெல்லம், இன்வர்ட் சிரப் என்று இனிப்பைப் பல பெயர்களில் பிரித்துச் சேர்த்திருந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். அவற்றைக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மேலே பூசிய சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைக்கொட்டை எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு நிறைவுற்ற கொழுப்பு.

காலையில் நேரமில்லை என்பது எனக்குப் புரிகிறது. அவித்த முட்டை ஒன்றும் ஒரு தம்ளர் பாலும் சேர்ந்தால் 12 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். கூடவே இரண்டு இட்லியோ சப்பாத்திச் சுருளோ இருந்தால் வேளை உணவு நிறைவாகிவிடும். முட்டை சாப்பிடாத வீடென்றால் முதல் நாள் இரவே ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல் கைகொடுக்கும். பார் பைக்குள் இருக்கட்டும். மாலையில் விளையாட்டுக்குப் பிறகு, அதுவும் எப்போதாவது, அவன் அதைச் சாப்பிடட்டும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்ட பேரீச்சம்பழ பாரை மாலை நடைக்குப் பிறகு சாப்பிட்டு வருகிறேன். ஆனாலும் இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. ஏன்?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஐயா, உலர்ந்த பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். அதை அரைத்துப் பாராக அழுத்தினாலும் உடலுக்குள் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவுமே போய்ச் சேரும். எனவே சேர்த்த சர்க்கரை என்ற வரியோடு நின்றுவிடாமல் மொத்தச் சர்க்கரை, மொத்த மாவுச்சத்து ஆகிய வரிகளையும் படியுங்கள். சில பார்களில் சேர்க்கும், மாவிலிருந்து எடுக்கப்படும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் பெரும்பாலும் சர்க்கரை வரியில் கணக்காகாது. ஆனால் செரித்தவுடன் குளுக்கோஸாகி வேகமாக இரத்தத்தில் கலக்கும்.

மால்டிடால் போன்ற இனிப்பூட்டிகள் சேர்த்த பார்களும் உண்டு. இவை சர்க்கரையளவுக்கு இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ஆனால் அறவே ஏற்றாது என்றும் சொல்ல முடியாது. கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வரலாம்.

இன்னொன்றையும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் தொடர்பானது. மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் அவசரத்துக்கு இந்த பாரை நம்பாதீர்கள். அதிலுள்ள கொழுப்பும் புரதமும் சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ் தூளையோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: பாருக்குப் பதிலாகக் கடலைமிட்டாய் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பசவனகுடி, பெங்களூரு

பதில்: கொடுக்கலாம், அளவோடு. கார்த்திகையில் கடலைக்காய்ப் பரிஷே என்னும் நிலக்கடலைத் திருவிழா நடக்கும் பகுதியிலேயே இருக்கிறீர்கள். கடலையின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. சேர்பொருள் இரண்டே என்பதால் என்ன சாப்பிடுகிறோம் என்பதிலும் குழப்பமில்லை. ஆனால் வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையே. பற்களில் ஒட்டிக்கொண்டு சொத்தைக்கும் வழிசெய்யும். கொடுக்கும் நாளில் ஒரு சிறு துண்டு மட்டும் கொடுங்கள், பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மற்ற நாள்களில் வெறும் வறுத்த கடலையே போதும்.