பிடி கிடைக்கிறது, டேப் கிடைக்கவில்லை

அன்புள்ள அண்ணா,

ஒன்றரை வருடமாக நோ-கி கிராப்ளிங் (கி என்ற அங்கி இல்லாமல் பழகும் பிடிச்சண்டை) பழகுகிறேன். எதிராளி என் காலுக்குப் பாய்ந்தால் ஸ்ப்ரால் செய்து (கால்களைப் பின்னால் வீசி அவர்மேல் எடையை இறக்கி) ஃப்ரண்ட் ஹெட்லாக், அதாவது முன்பக்கமிருந்து தலையைக் கட்டும் பிடி, பிடித்துவிடுவேன். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அவருடைய ஒரு கையையும் உள்ளே சேர்த்து கில்லட்டின் (முன்பக்கமிருந்து கழுத்தை முன்கையால் நெரிக்கும் பிடி) பூட்டி, மல்லாக்க விழுந்து, கால்களால் இடுப்பைச் சுற்றிக்கொண்டு முழு பலத்தோடு நெரிப்பேன். அவர் முகம் சிவக்கும், உறுமுவார், ஆனால் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்ட (டேப் செய்ய) மாட்டார். அரை நிமிடத்தில் என் முன்கை மரத்துப்போகும். அவர் சாவகாசமாகப் பக்கவாட்டுக்கு வந்துவிடுவார். ஒருமுறை பிடியை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தபோது எனக்கே கழுத்து அடைத்து, நான் தட்டவேண்டியதாகிவிட்டது. எனக்குக் கை வலு போதவில்லையா? நான் உயரம், ஒல்லி, கை நீளம். கில்லட்டினை விட்டுவிட்டு டார்ஸ் என்ற இன்னொரு நெரிப்பைக் கற்றுக்கொள் என்கிறார்கள் கூடப் பழகுபவர்கள். மாறலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பிக்கு,

அரை நிமிடம் முழு பலத்தில் நெரிக்க முடிகிறது என்றால் வலு தேவைக்கு மேலேயே இருக்கிறது. தடயவியல் மருத்துவப் பாடநூல்களில் ஒரு பழைய கணக்கு வரும். கழுத்தில் சுருக்கு இறுகும்போது ஜுகுலர் சிரை அடைபட ஏறக்குறைய 2 கிலோ, கரோட்டிட் தமனி அடைபட 5 கிலோ, மூச்சுக்குழாய் அடைபட 15 கிலோ. கயிற்றுக்குச் சொன்ன கணக்கு இது, முன்கைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் விகிதத்தைப் பாருங்கள். தொண்டையை நசுக்கத் தேவைப்படும் விசையில் மூன்றில் ஒரு பங்கே தமனிக்குப் போதும். இரண்டு பக்கத் தமனியும் ஒருசேர அடைபட்டால் 10 வினாடி சுமாரில் ஆளுக்கு நினைவு தப்பும். உங்கள் ஆள் முப்பது வினாடி உறுமிக்கொண்டிருக்கிறார். உங்கள் விசை எல்லாம் அவருடைய தாடைக்கும் குரல்வளைக்கும் போகிறது என்றுதான் அர்த்தம். முகம் சிவப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். ரத்தத்தைக் கீழே இறக்கும் சிரை அடைபட்டு, மேலே ஏற்றும் தமனி திறந்திருந்தாலும் முகம் சிவக்கும்.

மரை ஏறாத மூடியை எவ்வளவு முறுக்கினாலும் டப்பா மூடாது. நெரிப்பும் அப்படித்தான். இறுக்குவதற்கு முன்பே இடைவெளி போயிருக்க வேண்டும். உடும்புப் பிடியாகப் பிடித்தால் போதும் என்று நினைத்துப் பழகுகிறவர்கள் எல்லோரும் உங்கள் மாதிரி முன்கை மரத்துப்போய்த்தான் எழுந்திருக்கிறார்கள்.

கை உள்ளே இருக்கும் கில்லட்டினில் அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? அவருடைய கையிலிருந்துதான். கழுத்துக்கும் உங்கள் பூட்டுக்கும் நடுவே ஒரு முழுத் தோள் இருக்கிறது. அந்தத் தோளை அவர் கழுத்தின் மேலேயே தள்ளிவிட்டால் அது உங்களுக்கு வேலை செய்யும். சும்மா விட்டால் அவருக்குக் கேடயம். மல்லாக்கப் படுத்து இழுக்கும்போது நீங்கள் அதைக் கேடயமாக விட்டுவிடுகிறீர்கள். பின்னால் சாய்ந்து இடுப்பை முன்னே தள்ளுவது, கை வெளியே இருக்கும் கில்லட்டினுக்கான முடிப்பு. கை உள்ளே இருந்தால் நேர் எதிர்: முதுகு தரையில் படாமல் ஒருபக்க இடுப்பில் இருந்துகொண்டு, சிக்கிய தோளின் மேல் உங்கள் மார்பை மடித்துக் குறுக வேண்டும். வயிற்றுக்கு வேலை, கைக்கு ஓய்வு. கால்கள் இடுப்பைச் சுற்றியிருப்பதற்கான காரணமும் நெரிப்பதல்ல. அவர் உடலை நிமிர்த்தாமலும் பக்கவாட்டுக்கு ஓடாமலும் தடுக்கத்தான் அவை.

கை வெளியே இருக்கும் வகையில் மார்செலோ கார்சியாவின் கில்லட்டினைத் தேடிப் பாருங்கள். ஏடிசிசி என்ற உலக அளவிலான நோ-கி போட்டியில் 77 கிலோவுக்குக் கீழ் பிரிவில் 2003, 2005, 2007, 2011 ஆண்டுகளில் வென்றவர். ஆள் உயரமில்லை. நெரிக்கும் கையின் மணிக்கட்டைத் தாடைக்கு அடியில் செருகி, மற்ற கையால் அந்தக் கையைப் பற்றி, அந்த இரண்டாவது கையின் முழங்கையை எதிராளியின் தோளுக்கு மேலே தூக்கி முதுகில் போட்டுவிடுவார். அந்த முழங்கை இருக்கும்வரை எதிராளியால் நிமிரவும் முடியாது, தோளை உருட்டித் தப்பவும் முடியாது.

சரி, டார்ஸுக்கு வருவோம். போகலாம். நீளக் கைக்கு அது ஏற்ற பிடி. ஆனால் ‘இன்னும் கொஞ்சம் நெரி’ என்ற பழக்கத்தையும் கூடவே எடுத்துப் போனால் அங்கேயும் இதே கதைதான். ஜோ டார்ஸ் பெயரால் வழங்கும் இந்தப் பிடியையும் அனகோண்டாவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் கை அவருடைய அக்குள் வழியாக நுழைந்து கழுத்துக்கு மறுபக்கம் வெளியே வந்தால் டார்ஸ். கழுத்துப் பக்கம் நுழைந்து அக்குள் வழியாக வெளியே வந்தால் அனகோண்டா. இரண்டிலும் கழுத்தின் ஒரு பக்கத்தை உங்கள் கை அடைக்கிறது, மறுபக்கத்தை அவருடைய சொந்தத் தோளே அடைக்கிறது.

டார்ஸில் நான் பார்க்கும் பொதுவான தவறு, பூட்டு போடும் அவசரம். மணிக்கட்டு கழுத்தைத் தாண்டியதும் மற்ற கையின் புஜத்தைத் தேடிப் பிடித்து ‘4’ எண்ணின் வடிவில் பூட்டிவிடுகிறார்கள். பூட்டு விழுந்துவிடும், உள்ளே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம் இருக்கும். முதலில் தலையைக் கவனியுங்கள். வெளியே இருக்கும் கையால் அவர் பின்னந்தலையைக் கீழேயும், சிக்கிய கையின் பக்கமாகவும் தள்ளுங்கள். கழுத்து தோளை நோக்கி மடங்க மடங்க, நீங்கள் சுற்றவேண்டிய பொருளே சிறியதாகிறது. நுழைந்த கையை இன்னும் ஆழமாக விடுங்கள், உங்கள் புஜம் அவர் அக்குளில் போய் முட்டும்வரை. இப்போது பூட்டு தானாக விழும், புஜத்தைத் தேட வேண்டியிருக்காது. தேட வேண்டியிருந்தால் இன்னும் ஆழம் போகவில்லை. அப்புறம் மார்பை அவர் பின்னந்தலையின் மேல் இறக்கி, இரண்டு முழங்கைகளையும் உங்கள் விலாவை நோக்கி இழுங்கள். இழுப்பு முதுகுத் தசையிலிருந்து வரட்டும். அவர் உடலை நீட்டி மூச்சுவிட இடம் தேடுவார். உங்கள் காலால் அவர் காலைக் கொக்கி போட்டு அதைத் தடுங்கள். எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தால் நீங்கள் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாலே பிடி இறுகும்.

நீங்களே தட்டிய சம்பவத்துக்கு ஒரு பெயர் உண்டு: வான் ஃப்ளூ சோக் (நெரிப்பு). ஜேசன் வான் ஃப்ளூ 2006-ல் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் அதைக் கொண்டு வென்ற பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓவின்ஸ் செயின்ட் ப்ரூ 2017-ல் மட்டும் இருவரை அதே பிடியில் முடித்தார். எதிராளி உங்கள் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தால், அவர் தோள் உங்கள் கழுத்தில் இறங்கும். உங்கள் கையே உங்களுக்குப் பூட்டு. ஆகவே அவர் பக்கவாட்டை எட்டிய கணமே பிடியை விட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏன் கீழே விழுகிறீர்கள்? ஃப்ரண்ட் ஹெட்லாக் மல்யுத்தத்திலிருந்து வந்த பிடி. அங்கே நெரிப்புக்கே அனுமதி இல்லை. தலையை மட்டும் தனியாகக் கட்டக்கூடாது, ஒரு கையும் சேர வேண்டும். அவர்கள் அதை எடையை எதிராளியின் கழுத்தில் ஏற்றவும், சுற்றி முதுகுப் பக்கம் போகவும் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. மேலேயே நில்லுங்கள். முதுகுக்குச் சுற்றப் போவதாகக் காட்டினால் அவர் கையை நீட்டித் தடுப்பார், டார்ஸுக்கு அக்குள் திறக்கும். அக்குளை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் சுற்றி முதுகுக்கே போய்விடுங்கள். இரண்டு கால்களையும் அவர் தொடைகளுக்குள் கொக்கி போட்டு முதுகைப் பிடித்தால் ஐபிஜேஜேஎஃப் (பிரேசிலிய ஜுஜுட்சு கூட்டமைப்பு) விதியில் 4 புள்ளி. பாதி பூட்டிய கில்லட்டினோடு மல்லாக்க விழுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

அடுத்த வகுப்பில் கூடப் பழகும் ஒருவரிடம் சொல்லிவிட்டு, கால்வாசி பலத்தில் மட்டும் பிடியைப் போட்டு, எங்கே அழுத்துகிறது என்று கேளுங்கள். “தொண்டையில்” அல்லது “தாடையில்” என்றால் அவிழ்த்துவிட்டுத் தலையைத் தள்ளுவதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். “பின்கழுத்து முறுகுகிறது” என்றால் உடனே விடுங்கள், அது நெரிப்பில்லை, கழுத்தெலும்புக்குக் கேடு. பதில் சொல்வதற்கு முன்பே தட்டிவிட்டார் என்றால் சரியான இடம். அந்தக் கோணத்தையும் ஆழத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, அதே கால்வாசி பலத்தில் மறுபக்கமும் போட்டுப் பாருங்கள்.

அன்புடன்.